கதிர் மறையுமுன் உண்டவர்

கத்தியவார் நாட்டில் மழைக்காலம் நான்கு திங்கள் நீடிக்கும். ஓர் ஆண்டு அந்த நான்கு திங்களும் கதிரவனைக் கண்ணாற் கண்ட பின்னரே உணவு கொள்வது என்று நோன்பு ஏற்றிருந்தார் புத்லிபாய் அம்மையார். மழை நாளில் வானம் மூடியே கிடக்கும். பிள்ளைகள் வெளியே நின்று முகில்களையே நோக்கியிருப்பர். ஒரு கணம் மேகம் விலகிக் கதிரொளி தோன்றினால் அன்னையிடம் ஓடிச் சொல்வர். அவர் விரைந்து வந்து பார்ப்பதற்குள் ஞாயிறு மீண்டும் மறைந்துவிடும். அதற்காக அம்மையாரின் முகம் வாடியதில்லை. புன்னகையுடனே உள்ளே திரும்பி, விட்ட வேலையைத் தொடர்வார். அன்று அவருக்கு உணவில்லை. அந்தப் பிள்ளைகளுள் கடைக்குட்டியின் பெயர் மோகன்தாஸ்.

1869 அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த அச்சிறுவன் பின்னாளில் அண்ணல் காந்தியடிகளாய் உயர்ந்த கதையைச் சிறுவரும் அறிவர். அவர் நடத்திய அறப்போர்களைப் பற்றி எழுதாத ஏடில்லை. ஆயின், எழுபத்தெட்டு ஆண்டு உழைத்த அந்த மெலிந்த உடலை எந்த ஒழுக்கம் தாங்கி நின்றது என்பதை ஆராய்ந்தவர் சிலரே. அதனைத் தேடிச் செல்வோர்க்குப் பெருந்தவம் எதுவும் அகப்படுவதில்லை. அகப்படுவன மிகச் சிறிய பழக்கங்களே. பெரிய சோதனைகள் பலவற்றை அவர் செய்தார் என்பதும், அவற்றுள் சில அவரைப் படுக்கையில் தள்ளின என்பதும் உடன் சேர்த்து அறியத்தக்கவை.

இளமையில் அவர் வலிமையுடையவர் அல்லர். இராஜ்கோட்டில் படித்தபோது கிரிக்கெட்டும் உடற்பயிற்சியும் அவருக்குப் பிடிக்கவில்லை. தலைமையாசிரியர் அவற்றைக் கட்டாயமாக்கியபோது, நோயுற்ற தந்தையாருக்குப் பணிவிடை செய்யவேண்டிய நேரம் பறிபோகிறதே என்று வருந்தினார். திறந்த வெளியில் நெடுந்தொலைவு நடப்பது உடலுக்கு நல்லது என்று எங்கோ ஒரு நூலில் படித்திருந்தார். அன்று தொடங்கிய நடை, உயிர் பிரியும் மாலை வரை நிற்கவில்லை.

அவ்வயதிலேயே ஒரு சறுக்கலும் நேர்ந்தது. ஆங்கிலேயர் வலிமை பெற்றது ஊன் உண்பதால்தான் என்று ஒரு நண்பர் ஓதினார். இளைஞர் மயங்கினார். ஏறத்தாழ ஓராண்டில் ஐந்தாறு முறை மறைவாக ஊன் உண்டார். அவ்விரவுகளில் வீட்டில் பசியில்லை என்று தாயிடம் பொய் சொல்ல நேர்ந்தது. அந்தப் பொய்யே அவரைத் திருத்தியது. பெற்றோர் உள்ளவரை ஊனைத் தொடுவதில்லை என்று தமக்குள் உறுதி செய்துகொண்டார்.

1888இல் சட்டம் பயில இலண்டன் செல்லும் பேச்சு எழுந்தது. அயல்நாட்டில் மகன் நெறி தவறிவிடுவானோ என்று அன்னை அஞ்சினார். அப்பொழுது அக்குடும்பத்திற்கு அறிவுரை கூறி வந்தவர் பேசர்ஜி சுவாமி. அவர் மோத் வணிகர் குலத்திற் பிறந்து சமணத் துறவு பூண்டவர். மது, மாது, ஊன் மூன்றையும் தீண்டுவதில்லை என்று அவர் முன்னிலையில் இளைஞர் உறுதிமொழி எடுத்தார். அதன் பின்னரே தாய் விடை கொடுத்தார். செப்டம்பர் 4ஆம் நாள் கப்பல் பம்பாயை விட்டுப் புறப்பட்டது.

இலண்டனில் பட்டினிதான் முதலில் எதிர்கொண்டது. வேகவைத்த உப்பில்லாக் காய்கறிகள், இரண்டு மூன்று துண்டு ரொட்டி. மேலும் கேட்க நாணம். உறுதிமொழியைக் கைவிடுமாறு நண்பர் நாள்தோறும் வாதிட்டனர். வாதத்தில் தோற்ற போதும் அவர் வாக்கில் தோற்கவில்லை. நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் அலைந்து, பேரிங்டன் வீதியில் மரக்கறி உணவகம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அங்கே ஒரு ஷில்லிங் கொடுத்து ஹென்றி சால்ட் எழுதிய மரக்கறி உணவு பற்றிய நூலையும் வாங்கினார். தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக ஊன் மறுத்திருந்தவர், அந்நூலைப் படித்த நாள் முதல் தம் சொந்தத் தெளிவினால் மறுக்கத் தொடங்கினார். வாக்கு என்பது வேலி. பயிர் அதற்குள்ளே இனிமேல்தான் முளைக்க வேண்டியிருந்தது.

பணம் கரைவதை உணர்ந்தபோது அவர் வாழ்க்கை முறையையே மாற்றினார். இரண்டு அறை இருந்த இடத்தில் ஓர் அறை. ஓர் அடுப்பு வாங்கிக் காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவும் தாமே செய்துகொண்டார். நடுப்பகல் மட்டும் வெளியில் உண்டார். மாலையில் மீண்டும் ரொட்டியும் கோக்கோவும். ஒரு நாள் உணவுச் செலவு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ். வண்டிக்குக் கொடுக்கும் காசை மிச்சப்படுத்த எங்கும் நடந்தே சென்றார். அது நாளொன்றுக்கு எட்டுப் பத்து மைல் ஆயிற்று. அந்த நாடு குளிர் மிகுந்தது. ஆயினும் அங்கிருந்த காலம் முழுவதும் பெரும்பாலும் நோயின்றி இருந்ததற்கும் உடல் ஓரளவு உரம் பெற்றதற்கும் அந்த நடையே காரணம் என்று அவரே பின்னர்க் குறித்துள்ளார். சிக்கனத்திற்காக மேற்கொண்ட பழக்கம் உடல்நலமாய்த் திரும்பி வந்தது.

1891இல் தாயகம் திரும்பிய அன்றே தாயார் மறைந்த செய்தியைக் கேட்டார். அதே நாள்களில்தான் இராயசந்திரபாயின் நட்பும் வாய்த்தது. மணி வணிகராய்க் கடையில் அமர்ந்திருந்தபடியே ஆன்ம சிந்தனையில் ஆழ்ந்திருந்த அச்சமணச் சான்றோரை, தம் வாழ்வை ஆழமாகத் தொட்ட மூவருள் ஒருவராக அடிகள் வைத்துப் போற்றினார். உணவுக்கும் புலனடக்கத்திற்கும் உள்ள உறவை அவர் ஆராயத் தொடங்கியது இந்நட்பினால்தான்.

ஆயினும் ஆர்வம் அவரை எல்லை கடக்கவும் செய்தது. 1893இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில், சமைக்காத உணவையே உண்டு வாழும் சோதனையில் இறங்கினார். ஊறவைத்த கோதுமை, பட்டாணி, அரிசி, பழம், கொட்டைகள். பற்கள் நொந்தன, உடல் தளர்ந்தது, பசி தீரவேயில்லை. இரண்டு வாரம் நிறைவதற்குள் அதனைக் கைவிட்டார். கைவிட்டதை மறைக்காமல் இலண்டன் மரக்கறியாளர் இதழுக்குக் கட்டுரையாகவும் எழுதி அனுப்பினார். தம் தோல்வியை இவ்வாறு எழுதி அனுப்பும் இயல்பு அறிஞரிடத்தும் அரிது.

ஜோகன்ஸ்பர்க்கில் வழக்கறிஞராய் நன்கு பொருளீட்டிய காலத்தில் மலச்சிக்கலும் தலைவலியும் அவரை வாட்டின. மான்செஸ்டர் நகரில் காலையுணவை விடுவோர் சங்கம் ஒன்று தோன்றிய செய்தியை இதழில் படித்தார். அடிக்கடியும் மிகுதியாகவும் உண்பதே தம் நோய்க்கு மூலம் என்று உணர்ந்து காலையுணவை நிறுத்தினார். சில நாள் கடினமாயிருந்தது. தலைவலி அடியோடு மறைந்தது. வேண்டிய அளவுக்கு மேல் உண்டு வந்ததை மருந்து தேடிய பின்னரே கண்டுகொண்டார். வயிறு நிரம்புமுன் கை நிறுத்தும் அவமோதரியம் என்னும் தவத்தை அறிந்த குடும்பங்களுக்கு இது புதிய செய்தி அன்று.

அவ்வீட்டில் ஏழு பவுன் கொடுத்து வாங்கிய மாவுத் திரிகை ஒன்று இருந்தது. அதன் இரும்புச் சக்கரம் ஒருவர் சுழற்ற இயலாத கனமுடையது. இருவர் சேர்ந்தால் எளிது. பகலில் நீதிமன்றத்தில் வாதிடும் வழக்கறிஞரும் அவர் நண்பர் போலக்கும் குழந்தைகளும் அதனைச் சுழற்றித் தவிடு நீங்காத கோதுமை மாவை அரைத்தனர். அந்த மாவில் வீட்டிலேயே ரொட்டி செய்தனர். ரொட்டியும் கிடைத்தது, குழந்தைகளுக்குத் தனியே உடற்பயிற்சி வேண்டாதாயிற்று. காலையில் பல் துலக்கக் கால் மணி நேரம், நீராட இருபது நிமிடம். பல் துலக்கும்போது எதிர்ச் சுவரில் கீதைச் செய்யுள்களை ஒட்டி வைத்துப் பதின்மூன்று இயல்களை மனப்பாடம் செய்ததும் அந்நகரில்தான். அரைமணிப் பொழுதை வீணாக்காதவர்க்கு ஆண்டுகள் நீளும்.

1908ஆம் ஆண்டு தொடக்கத்தில் முதன்முறையாகச் சிறை சென்றார். அங்கே கைதிகள் மாலை உணவைக் கதிரவன் மறையுமுன் முடித்துவிட வேண்டும் என்பது விதி. இந்தியக் கைதிகளுக்குத் தேநீரும் காபியும் இல்லை. உடனிருந்தோர் இவற்றைக் கொடுமை என்று எண்ணினர். அடிகளோ, தன்னடக்கம் விரும்புவோர் எவரும் தாமே விரும்பி ஏற்க வேண்டிய விதிகள் இவை என்று கண்டார். விடுதலையானதும் அவ்விரண்டையும் தம் வாழ்க்கையில் வைத்துக்கொண்டார். இயன்றவரை தேநீரை விட்டார். இறுதி உணவைக் கதிர் மறையுமுன் முடித்தார். நாளடைவில் அதற்கு முயற்சியே தேவைப்படவில்லை. மழைக்காலத்தில் ஞாயிற்றைக் காணாமல் உண்ணாத தாயின் மகன், ஞாயிறு மறைந்தபின் உண்ணாமையை ஒரு வெள்ளையர் சிறையில் கற்றுக்கொண்டது வியப்பே. சமணர் இல்லங்களில் இவ்வொழுக்கம் தாய்ப்பாலோடு வருவது. எளிதில் வருவதனாலேயே எளிதில் கைநழுவியும் போகிறது. அடிகளுக்கு அது முப்பத்தெட்டாம் வயதில், சிறைக் கம்பிகளுக்குள் கிடைத்தது. கிடைத்ததை அவர் இறுதிவரை விடவில்லை.

1910இல் நண்பர் காலன்பாக் அளித்த 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை உருவாயிற்று. சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. அவர்களுள் தமிழர் பலர். குசராத்தியரும் தெலுங்கரும், இந்துக்களும் இசுலாமியரும் கிறித்தவரும் ஒரே அடுக்களையில் உண்டனர். ஊன் உண்ணும் வழக்கமுடைய தாய்மார்களையும் கலந்து பேசி, அவர்கள் மனமொப்பிய பின்னரே அது முழு மரக்கறி அடுக்களையாயிற்று. காலை ஆறு மணிக்குக் கோதுமை ரொட்டி. காபிக்கு மாற்றாய்க் கோதுமையை வறுத்துத் தாமே செய்த பானம். பதினொரு மணிக்குச் சோறும் பருப்பும் காய்கறியும். மாலை ஐந்தரை மணிக்கு இறுதி உணவு. ஜோகன்ஸ்பர்க் அங்கிருந்து 21 மைல். பண்ணை வேலையாகச் சென்றால் மட்டும் இரயில். சொந்த வேலையாகச் செல்வோர் நடந்தே செல்ல வேண்டும், கையில் பண்ணை உணவையும் கட்டிக்கொள்ள வேண்டும். பின்னிரவு இரண்டு மணிக்குப் புறப்பட்டால் ஆறேழு மணி நேரத்தில் நகரத்தை அடையலாம். அவ்வழியை ஒருவர் 4 மணி 18 நிமிடத்தில் கடந்தது பண்ணையின் சாதனையாயிற்று. குழந்தைகளுக்குத் தாம் அறிந்த சிறிதளவு தமிழையும் அடிகளே கற்பித்தார்.

1915இல் தாயகம் திரும்பிய அவரை நாடு விருந்துகளால் வரவேற்றது. கல்கத்தாவில் அவர் பழமும் கொட்டைகளும் மட்டுமே உண்பவர் என்று அறிந்து, விருந்தளித்த இல்லத்துப் பெண்கள் இரவெல்லாம் கண்விழித்துக் கொட்டைகளை உடைத்துத் தோலுரித்தனர். எளிய உணவு என்று தாம் கருதியது பிறர்க்கு எத்தனை சுமை என்பது அவர் நெஞ்சைத் தைத்தது. அவ்வாண்டு ஹரித்வாரில் கும்பமேளா. அங்கே அவர் ஒரு நோன்பு ஏற்றார். இந்தியாவில் இருக்கும் காலம் முழுவதும் ஒரு நாளில் ஐந்து பொருள்களுக்கு மேல் உண்பதில்லை; இருட்டிய பின் உண்பதில்லை. நோயுற்றால் என் செய்வது என்றும் எண்ணிப் பார்த்தார். மருந்தும் அந்த ஐந்தனுள் அடக்கம் என்று முடிவு செய்தார். எந்நிலையிலும் விலக்கு இல்லை. சிராவகர் தம் நுகர்பொருள்களுக்கு எல்லை வகுத்துக்கொள்ளும் போகோபபோக பரிமாணம் என்னும் விரதத்தை இது நினைவூட்டும். இந்நோன்பு தம்மைப் பல முறை நோயினின்று காத்தது என்றும், வாழ்நாளில் சில ஆண்டுகளைக் கூட்டியது என்றும் அவர் நம்பினார்.

ஐந்து பொருள் என்று எண்ணிவிட்டால் போதாது, அளவும் வேண்டும் என்பதை 1918 அவருக்குக் கற்பித்தது. கேடா மாவட்டத்தில் நாளொன்றுக்கு இருபது மைல் நடந்து ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்தார். பாலை 1912லேயே விட்டிருந்தார். அரைத்த நிலக்கடலை விழுதும் எலுமிச்சையுமே முதன்மை உணவு. அவ்விழுதை மிகுதியாக உண்டால் தீங்கு என்று அறிந்தும் அளவு மீறினார். சிறிது வயிற்றுக்கடுப்பு கண்டது. ஆசிரமத்திற்குத் திரும்பினார். பட்டினி கிடந்திருந்தால் தீர்ந்திருக்கும். அன்று ஏதோ ஒரு பண்டிகை. நண்பகலில் ஒன்றும் வேண்டாம் என்றார். கஸ்தூரிபாய் அம்மையாரோ நெய்க்கு மாற்றாக எண்ணெய் சேர்த்து இனிப்புக் கோதுமைக் கஞ்சியும், ஒரு கிண்ணம் பாசிப்பயறும் அவருக்கென எடுத்து வைத்திருந்தார். அம்மையாரின் மனம் மகிழச் சிறிது உண்ணலாம் என்று அமர்ந்தவர் வயிறு நிரம்ப உண்டு எழுந்தார். ஒரு மணி நேரத்திற்குள் கடும் சீதபேதி. அன்று மாலையே நடியாத் செல்ல வேண்டியிருந்தது. சபர்மதி நிலையம் வரையிலான சிறு தொலைவை நடப்பதே பெரும்பாடாயிற்று. மறுநாளுக்குள் முப்பது நாற்பது முறை வயிறு போயிற்று. மருந்தை மறுத்தார், ஊசியையும் மறுத்தார். ஆலை அதிபரும் சமணக் குடும்பத்தவருமான அம்பாலால் சாராபாய் அகமதாபாத்தில் உள்ள தம் மாளிகைக்கு அவரை அழைத்துச் சென்று தம்பதியராய்ப் பேணினர். உயிர் பிழைக்க மாட்டோம் என்றே அடிகள் ஓர் இரவு எண்ணினார்.

பம்பாய் மருத்துவர் தலால், பால் அருந்தாமல் உடல் தேறாது என்று உறுதியாகக் கூறினார். பாலை விட்ட நோன்பை முறிக்க அடிகள் உடன்படவில்லை. பசுவும் எருமையும் நினைவில் வைத்தே நோன்பு ஏற்றீர்கள், ஆட்டுப்பாலுக்குத் தடை ஏது என்று அருகில் நின்ற கஸ்தூரிபாய் வினவினார். அடிகள் இசைந்தார். சொல்லளவில் நோன்பு காக்கப்பட்டது. அதன் உள்ளுயிர் காக்கப்படவில்லை என்பதை அவர் என்றும் மறைக்கவில்லை. நாட்டுப் பணிக்காக வாழவேண்டும் என்னும் ஆசை வென்றுவிட்டது என்று எழுதி வைத்தார். பெரிய நோன்பு முறிந்தது. காலை நடையும், மாலைக் கதிரோடு முடியும் உணவும், ஐந்து பொருள் எல்லையும் முறியவில்லை.

1924 ஜனவரியில் பூனா சாசூன் மருத்துவமனையில் குடல்வால் அறுவையும் நிகழ்ந்தது. இயற்கை மருத்துவத்தைப் போற்றியவர் ஆங்கில மருத்துவரின் கத்திக்கு உடலைக் கொடுத்தார். பிற்காலத்தில் இரத்த அழுத்தமும் தொல்லை தந்தது. நல்லொழுக்கம் நோயே வாராமற் காக்கும் என்று கூறுவோர் இவ்விரண்டையும் மறத்தல் ஆகாது.

ஆறு ஆண்டு கழித்து, 1930 மார்ச் 12இல் சபர்மதியிலிருந்து தண்டிக்குப் புறப்பட்டபோது அவருக்கு வயது அறுபது. 24 நாள்களில் ஏறத்தாழ 240 மைல். உடன் வந்த இளைஞர் சிலர் கால் கொப்புளித்துத் தளர்ந்தனர். அவருக்குக் குதிரை ஒன்று ஆயத்தமாய் இருந்தும் அதில் ஏறவில்லை. நாற்பது ஆண்டுக்கு மேல் நாள்தோறும் நடந்த கால்களுக்கு அது இன்னும் சில மைல் கூடிய நடை, அவ்வளவே.

1942 ஆகஸ்டில் ஆகாகான் மாளிகையில் சிறை வைக்கப்பட்டபோது உடல்நலம் பற்றி ஒரு சிறு நூலைக் குசராத்தியில் எழுதத் தொடங்கி டிசம்பரில் முடித்தார். உட்கார்ந்து உழைப்போர்க்கு ஒரு நாள் உணவின் அளவை அதில் வரையறுத்தார். பசும்பால் 2 பவுண்டு, தானியம் 6 அவுன்ஸ், கீரை 3 அவுன்ஸ், பிற காய்கறி 5 அவுன்ஸ், பச்சைக் காய்கறி 1 அவுன்ஸ், நெய் ஒன்றரை அவுன்ஸ், வெல்லம் ஒன்றரை அவுன்ஸ். பழம் அவரவர் கைப்பொருளுக்கு ஏற்ப. பால் வேண்டாம் என்று இளமையில் வாதிட்ட கையே பாலை முதலில் வைத்து எழுதிற்று. ஆட்டுப்பால் தந்து அவரைக் காத்த கஸ்தூரிபாய் 1944 பிப்ரவரி 22இல் அதே மாளிகையில் அவர் மடியில் உயிர் நீத்தார்.

1947இன் தொடக்கத்தில் நவகாளியில், கலவரத்தால் எரிந்த ஊர்களுக்கிடையே, எழுபத்தேழு வயதில் வெறுங்காலுடன் நாளுக்கு ஓர் ஊராக நடந்தார். ஒற்றை மூங்கிற் பாலங்களைக் கடக்க முன்னதாகவே பழகிக்கொண்டார்.

1948 ஜனவரி 30. டெல்லியில் பிர்லா மாளிகை. உண்ணாநோன்பை முடித்துப் பன்னிரண்டு நாளே ஆகியிருந்தது. உடல் இன்னும் தேறவில்லை. வழக்கம் போல் விடியுமுன் எழுந்து வழிபாடு செய்தார். மாலை நாலரை மணியளவில் வல்லபபாய் பட்டேலோடு பேசியபடியே உணவு கொண்டார். ஆட்டுப்பால், காய்கறி, ஆரஞ்சு. பேச்சு நீண்டுவிட்டது. வழிபாட்டிற்கு ஐந்து மணி கடந்துவிட்டதை அறிந்ததும் பதறி எழுந்தார். காலந்தவறுதல் அவருக்குப் பொறுக்காது. பேத்தி முறையான மனு, ஆபா இருவர் தோள்களிலும் கை வைத்தபடி புல்வெளியின் குறுக்கே விரைந்து நடந்தார். மணி 5:17.

கதிரவன் மறைய இன்னும் அரை மணிக்கு மேல் இருந்தது. அன்றைய இறுதி உணவை அவர் முன்னரே முடித்திருந்தார்.